மாரியாத்தா அனுப்பிவெச்ச மடிப்பிச்சைக்காரி

வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்கு வந்திருக்கிற உங்க எல்லாத்துக்கும் என்னைத் தெரியும். சோமனூர்ல தறி ஓட்டற ஊடு, ஈஸ்வரி. முந்தியெல்லாம் தூணுக்குப் பின்னால ஒக்காந்துட்டு, தீபாராதனை முடியறதுக்குள்ள எந்திரிச்சு ஓடிருவாளே, அவதானுங்க. ஏன் ஓடினேன்னு இன்னைக்குச் சொல்றேன். ஆத்தா எனக்குப் பண்ணினதை மனசுக்குள்ளயே வெச்சிருக்க முடியலைங்க.

எனக்குச் சோரியாசிஸ். என்ர மக பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்ச வருசம் முழங்கைல ஒரு காசு அளவு செவந்து, மேல வெள்ளையா செதில் கட்டுச்சு. அப்பறம் முழங்கால், தலை, முதுகு. காலைல பாயை உதறினா கொட்டும். யார் கண்ணுலயும் படறதுக்கு முந்தி நானே பெருக்கி நானே அள்ளிப் போடுவேன். சித்திரை வெயில்லயும் முழுக்கை ஜாக்கெட்டுதான். ஒறம்பரை, சொந்தபந்தத்துல நல்லது கெட்டது எதுக்கும் போறதில்லை. போனா, "ஏன் கண்ணு, இது ஒட்டிக்குமா?"ன்னு கேப்பாங்க. கேக்காதவங்க நான் காப்பி குடிச்ச டம்ளரை மட்டும் தனியா எடுத்து வெப்பாங்க. அது இன்னும் மோசம். கடைசில ஊட்டை உட்டு வெளிய வாரதையே நிறுத்திப்போட்டேன். தறி ஓடற சத்தத்துல அழுதா யாருக்கும் கேக்காது, அந்த ஒரு வசதி இருந்துச்சு.

எனக்கு ஒரே தம்பி, செந்தில். எங்கப்பா அம்மா ரண்டு பேரும் போயிட்டாங்க. எங்க பக்கம் கல்யாணம்னா இணைச்சீர் உங்களுக்குத் தெரியாததில்லை. மாப்பிள்ளை பக்கத்துல கூடப்பொறந்தவ ஒக்காரோணும். பொண்ணு கட்டப்போற கூறைச்சேலையோட ஒரு நுனி அவன் கைல, மறு நுனி அவ கைல. அந்தச் சீர் முடிஞ்சாத்தான் மத்ததெல்லாம். அவனுக்குப் பொண்ணு பாக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து எனக்கு ஒரே வேண்டுதல்தான். ஆத்தா, என்ர தம்பிக்கு நான் இணைச்சீர்ல ஒக்காரோணும். வேற எதுவுமே நான் கேக்கலைங்க.

எங்க பெரியம்மாவுக்கு என் மேல பாசம் எச்சு. "பொண்ணு ஊட்டுக்காரங்க பாத்தா என்ன சொல்லுவாங்க?"ன்னு எங்கியோ விசாரிச்சு ஒரு மாத்திரை வாங்கிட்டு வந்தாங்க. டாக்டர் எழுதிக் குடுத்ததில்லை. போட்டதும் ஒரு வாரத்துல தோல் அப்படியே பளபளன்னு ஆயிருச்சு. எனக்கு ஒரே சந்தோசம். மாசக்கணக்கா முழுங்கினேன்.

அந்தச் சமயத்துல நம்ம கோயில்ல பூச்சாட்டு, ஆத்தா திருவிழா ஆரம்பம். கம்பம் நட்ட அன்னைக்கே மாத்திரையை நிறுத்திப்போட்டேன். விரதத்துல மருந்து எதுக்கு, ஆத்தா பாத்துக்குவான்னு ஒரு நினைப்பு. கொஞ்ச நாள்தான். ஒடம்பு பூராவும் நெருப்பாட்டச் செவந்து, குளிர் காய்ச்சல் வந்து, சின்னச் சின்னதா சீழ்க்கொப்புளம் கெளம்பிருச்சு.

பூச்சாட்டுக் காலத்துல காய்ச்சலோட கொப்புளம் வந்தா நம்ம ஊர்ல யாரு என்ன நினைப்பாங்க? ஆத்தா வந்திருக்கான்னுதான். எங்கூட்டுக்காரர் வாசல் நெலவுல வேப்பிலை சொருகினாரு. என்னை உள் ரூம்ல வேப்பிலை மேல படுக்க வெச்சாங்க. தாளிக்கறதில்லை, சோப்பு இல்லை, யாரும் வரப்போக இல்லை. மகளைப் பெரியம்மா ஊட்டுக்கு அனுப்பியாச்சு. மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பூசப் பூச எரிச்சல் தாங்கலை. ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்கக் கூடாது, ஆத்தாளுக்கு ஆகாது. ஒரு கூட்டம் கொப்புளம் காஞ்சு உரியும், அதுக்குள்ள அடுத்த கூட்டம் வந்துரும். எறங்கறதாவே காணோம்.

ஏற்கெனவே ஊட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்தவ இப்ப ஒரு ரூமுக்குள்ள. அந்த ரூமுக்குள்ளயும் என்ர தோலுக்குள்ள. எங்க போறது? செத்துப்போயிட்டா தேவலைன்னு நினைச்சேன். அப்பறம் தம்பி நெனப்பு வரும்.

ஒரு நாள் மத்தியானம் எனக்கு ஆத்தா மேலயே கோபம் வந்துருச்சு. வாய் உட்டுக் கேட்டேன். "நீயா இருந்தா எறங்கிப் போயிரு. நீ இல்லைன்னா, நீ இல்லைன்னு யாரையாச்சும் உட்டுச் சொல்லு. இப்படிச் சும்மா பாத்துட்டு நிக்காத." கும்புடற சாமிகிட்ட அப்படிப் பேசலாமான்னு கேக்காதீங்க. பேசிப்போட்டேன்.

அடுத்த நாள் காலைல வெள்ளெனவே வாசல்ல ஒரு குரல். "மாரியாத்தா மடிப்பிச்சை போடுங்கம்மா." எங்கூட்டுக்காரர் போயி, "ஆத்தா வந்திருக்கிற ஊடுங்க, எதுவும் குடுக்கப்படாதுங்க"ன்னு சொன்னாரு. அவரு சொன்னது மொறைதான். ஆனா ஆத்தா பேரைச் சொல்லி மடியேந்தி வந்தவளை வெறுங்கையா அனுப்ப எனக்கு மனசு வரலை. செவுத்தைப் பிடிச்சு எந்திரிச்சு, முறத்துல அரிசி எடுத்துட்டு நடைவாசலுக்கு வந்துட்டேன்.

மஞ்சச் சேலை, வெறுங்கால், மடி நெறைய அரிசி. என்னை விட வயசுல சின்னவங்க. மடியை விரிச்சாங்க, ஆனா கண்ணு அரிசில இல்லை, என்ர கைலயே இருக்குது.

"ஏனுங்கக்கா, இதுக்கு முந்தி தோல்ல ஏதாச்சும் இருந்துச்சுங்களா?"

சொன்னேன்.

"மாத்திரை ஏதாச்சும் சாப்ட்டு, திடீர்னு நிறுத்தினீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆமாங்கன்னேன்.

"இது அம்மை இல்லீங்கக்கா. மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினதுல உங்க சோரியாசிஸ்தான் இப்படித் திரும்பியிருக்குது. நான் தோல் டாக்டர். கருமத்தம்பட்டில ஊடு, கோயமுத்தூர் ஆஸ்பத்திரில வேலை. வேண்டுதலுக்கு மடிப்பிச்சை எடுக்க வந்தேன். இப்பவே கெளம்போணும், இல்லைன்னா உசுருக்கே ஆபத்துங்க."

எங்கூட்டுக்காரர் கையைப் பிசைஞ்சுட்டு, கோயில்ல பூப்போட்டு ஆத்தாகிட்ட உத்தரவு கேட்டுட்டு வந்துரட்டுமான்னு இழுத்தாரு. எனக்கு எங்கிருந்து தெம்பு வந்துச்சோ. "இது நான் இல்லைன்னு ஆத்தாளே வாசல்ல வந்து நின்னு சொல்றா. இன்னும் எந்தப் பூவைக் கேக்கப் போறீங்க? வண்டியை எடுங்க"ன்னேன். அந்தம்மா மடி அரிசியோட எங்க வேன்லயே ஏறி ஒக்காந்தாங்க.

ஆஸ்பத்திரில ரொம்ப நாள் கெடந்தேன். பொழைச்சேன். கொப்புளம் போச்சு. ஆனா சில மாசத்துல பழைய செதில் பழைய எடத்துலயே வந்துருச்சு. அப்பத்தான் டாக்டரம்மா எனக்கு இந்த நோயையே வெளங்க வெச்சாங்க. நம்ம ஒடம்பைக் காக்கிற காவலாளுங்க, எதிரியே இல்லாதப்பச் சண்டைக்கு நிக்கறாங்களாம். அதுல தோல் வேகவேகமா வளந்து குமியுதாம். தறியை நிறுத்த ஆளில்லாம ஓட உட்டா துணி குமியுமே, அதாட்டம். இது ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டவே ஒட்டாதுன்னாங்க. அதைக் கேட்டு நான் அழுத அழுகை கொஞ்சமில்லை. அத்தனை டம்ளரும் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

அவங்க ஆஸ்பத்திரில ஒரு புது ஊசியைப் பத்தி ஆராய்ச்சி நடந்துட்டு இருந்துச்சு. அந்தச் சண்டைக்குச் சேதி சொல்லி உடற ஒண்ணை மட்டும் பிடிச்சு நிறுத்தற ஊசியாம். "சேர்றதும் சேராததும் உங்க இஷ்டம். எப்ப வேணும்னாலும் நின்னுக்கலாம். ஒருபாதிப் பேருக்கு மருந்து, மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. முடிவுல எல்லாத்துக்கும் நெச மருந்தே குடுப்போம்"னாங்க. எனக்கு எதுங்கன்னேன். "எனக்கே தெரியாதுங்கக்கா. தெரிஞ்சா என்ர கண்ணே பொய் சொல்லும்." டாக்டருக்கே தெரியாத வைத்தியமான்னு மனசுக்குள்ள சிரிச்சேன். ஆனா மடியேந்தி வந்தவங்க சொல்றாங்க. சேந்துட்டேன்.

ஊசிக்குப் போறப்பெல்லாம் செவப்பு எவ்வளவு, தடிப்பு எவ்வளவு, செதில் எவ்வளவுன்னு பாத்து மார்க்குப் போடுவாங்க. பரிச்சை எழுதின புள்ளையாட்டம் கையை நீட்டிட்டு நிப்பேன். பக்கத்து நாற்காலிக்காரி ஒருத்திக்கு மாசத்துக்கு மாசம் தோல் தெளியுது. எனக்கு அப்படியே இருக்குது. ஆத்தா, எனக்கு நெச ஊசியாக் குடுன்னு கும்புட்டுக் கும்புட்டு வாய் வறண்டு போச்சு.

அப்பப் பாத்துத் தம்பிக்குக் கல்யாணம் முடிவாயிருச்சு. ஆராய்ச்சி முடியறதுக்கு முந்தியே முகூர்த்தம். பெரியம்மா வந்தாங்க, கைல அதே மாத்திரை. "கல்யாணம் முடியற வரைக்கும் போட்டுக்க கண்ணு. இல்லைன்னா என்ர மக ஒக்காரட்டும். சபைல நாலு பேரு பாக்கறது."

மாத்திரையைப் போட்டா ஒரு வாரத்துல தோல் தெளிஞ்சிரும். இணைச்சீர்ல ஒக்காந்துக்கலாம். அப்பறம் பழையபடி கொப்புளம், ஆராய்ச்சியும் கெட்டுப்போகும். போடலைன்னா என்ர எடத்துல வேறொருத்தி. எந்தப் பக்கம் திரும்பினாலும் செவுருதான். ரண்டு நாள் அந்த மாத்திரையைக் கைலயே வெச்சிருந்தேன். கடைசில சாக்கடைல கொட்டிப்போட்டு ஆத்தா படத்துக்கு முன்னால ஒக்காந்தேன். ஒண்ணும் கேக்கலை.

கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துல சாமான் வெக்கிற ரூம்ல, தேங்கா மூட்டை மேல ஒக்காந்திருந்தேன். வெளிய பெரியம்மா மக பட்டுச்சேலைல தயாரா நிக்கறா. சீர் செய்யற அருமைக்காரர் இணைச்சீருக்குக் கூப்புடறது கேக்குது. கதவைத் தெறந்துட்டுச் செந்தில் வந்தான்.

"எந்திரிக்கா."

"செதில் உதிருதுடா. அந்தப் புள்ள கட்டற சேலை."

"அந்தப் புள்ளதான் அனுப்பிச்சா. நங்கையா, அதான் நீ, ஒக்காரலைன்னா நானும் மணவறைக்கு வர மாட்டேன்னு சொல்லிப்போட்டா. ரண்டு பேர்த்துல யாரைச் சமாதானம் பண்றதுன்னு நீயே சொல்லு."

முழுக்கை ஜாக்கெட்டுதான், ஆனா மணிக்கட்டுல இருந்து வெரல் வரைக்கும் செவப்பு எல்லாத்துக்கும் தெரிஞ்சுது. நுனியைப் பிடிச்சதுமே சேலை மேல செதில் உதிர்ந்துச்சு. சபை பூரா பாத்துச்சு. செந்தில் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை, இன்னொரு கைல என்ர முழங்கையைத் தாங்கிக்கிட்டான். சீர் முடிஞ்சுது. அந்தப் புள்ள அதே சேலையைக் கட்டிட்டு வந்து மணவறைல ஒக்காந்தா.

ஆராய்ச்சி முடிஞ்சு யாருக்கு எதுன்னு தெரிஞ்சப்ப டாக்டரம்மா என்ர கையைப் பிடிச்சுட்டுச் சொன்னாங்க. "உங்களுக்குப் போனது வெறும் ஊசிங்கக்கா. உங்களையாட்டம் இருந்தவங்களோட ஒப்பிட்டுப் பாத்துத்தான் இந்த மருந்து நெசமாலுமே வேலை செய்யுதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சுது."

வழி பூரா யோசிச்சுட்டே வந்தேனுங்க. நெச ஊசி குடுன்னு கேட்டேன், ஆத்தா குடுக்கலை. தோல் தெளிஞ்சு ஒக்காந்திருந்தா, தோலைத்தானே எல்லாரும் ஒக்கார வெச்சிருப்பாங்க? என்னை ஒக்கார வெச்சிருப்பாங்களா? நான் மொதமொதல்ல கேட்டது என்ன, இணைச்சீர்ல ஒக்காரோணும். அதை அப்படியே குடுத்துட்டா.

இப்ப நெச ஊசி போட்டுட்டு இருக்கறேன். கை தெளிஞ்சிருச்சு, பாக்கறீங்கல்ல. முழங்கால்ல கொஞ்சம் பாக்கி. கல்யாண ஆல்பம் போடறப்ப, "அக்கா, கம்ப்யூட்டர்ல அந்தக் கையைச் சுத்தம் பண்ணிரட்டுங்களா?"ன்னு போட்டோக்காரர் கேட்டாரு. தொடாதீங்கன்னு சொல்லிப்போட்டேன். அந்தப் போட்டோதான் எங்க ஊட்டுக் கூடத்துல மாட்டியிருக்குது.

ஊட்டுல யாருக்காச்சும் மேலுக்கு ஏதாச்சும் வந்தா வேப்பிலை சொருகுங்க, ஆத்தாளைக் கூப்புடுங்க. கூடவே டாக்டர்கிட்டயும் போங்க. அவ யாரை அனுப்புவான்னு நமக்குத் தெரியாது. இங்க யாராச்சும் எட்டத்துல ஒக்காந்திருந்தா, பூஜை முடிஞ்சதும் ஓடிப்போயிராதீங்க அம்மணி. எங்கிட்ட வாங்க. கையைக் குடுங்க, நான் பிடிச்சுக்கறேன். ஒட்டாதுங்க.