இரண்டாம் தடவை கேட்காத துரை

போன வாரம் ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் யாரோ இங்கிலீஷ் பேசும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். என் மச்சினன் நாச்சிமுத்து! எதிரே... அவனுடைய மயிலைக் காளை.

"குட் மார்னிங். தி வெல் இஸ் டிரை. நோ ரெயின் திஸ் இயர்" என்று மாட்டிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தான். அது சோளத்தட்டைத் தின்றபடி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

நாச்சிமுத்து வெள்ளகோவில்காரன். ஹைஸ்கூல் வரை படித்தவன். இங்கிலீஷில் எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவான். பேசச் சொன்னால் வாயில் கொழுக்கட்டை! மாட்டு வண்டியில் பருத்தி ஏற்றிக்கொண்டு கோயமுத்தூர் வந்தவன் எங்கள் வீட்டில் தங்கியிருந்தான்.

"ஏம்ப்பா, பேசறதுக்கு ஆளே கெடைக்கலையா?" என்றேன்.

"மனுசங்க கிட்டப் பேசுனா சிரிக்கறாங்க, மச்சான். இது சிரிக்கறதில்லீங்க."

யோசித்துப் பார்த்தால் இது அருமையான வழி அல்லவா? நம்மவர்கள் டிக்‌ஷனரியை மனப்பாடம் செய்வார்கள். இலக்கணத்தைக் கரைத்துக் குடிப்பார்கள். வாயை மட்டும் திறக்க மாட்டார்கள். தப்பு வந்துவிடுமாம்! வந்தால் என்ன? தலையா போய்விடும்?

என் வழியைக் கேட்டால் — மேட்டுப்பாளையம் ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் இங்கிலீஷில் பேச்சுக் கொடுப்பேன். அவர் இறங்கும்போது என் தப்புகளும் அவரோடு இறங்கிவிடும். ரயிலுக்கு வழியில்லையா? உக்கடம் குளக்கரையில் நடந்துகொண்டே கண்ணில் படுவதையெல்லாம் இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள். மண்ணெண்ணெய் டின்னில் எழுதியிருப்பதைக்கூட உரக்கப் படிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

நாச்சிமுத்துவுக்கு அன்று பேசியே ஆகவேண்டிய அவசியம். நீலகிரி பைக்காரா அருவியிலிருந்து கரண்ட் வந்ததிலிருந்து கிணற்றுக்கு மின்சார மோட்டார் விற்கும் கம்பெனிகள் ஊரில் முளைத்திருக்கின்றன. அதில் ஒன்றில் குடியானவர்களிடம் தமிழிலும் வெள்ளைக்காரத் துரையிடம் இங்கிலீஷிலும் பேச ஓர் ஆள் தேவை. இந்த வேலை கிடைத்தால் வீடு பிழைக்கும். கிடைக்காவிட்டால், ஊர் திரும்பியதும் மயிலையை விற்றாக வேண்டும். அதை நினைத்தே என் மனைவிக்கு அடுப்பில் கவனமில்லை. அன்றைக்கு இட்லியில் உப்பில்லை.

இன்டர்வியூவுக்கு நானும் துணைக்குப் போனேன். துரையின் அறைக் கதவு திறந்தே இருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன்.

உள்ளே போனதும் நாச்சிமுத்து முதலில் கேட்டது, "சாப்பிட்டீர்களா, சார்?" துரை திகைத்துப் போய், "ஆயிற்று, தேங்க்ஸ்" என்றார். அப்புறம் பாருங்கள், கிணறு, ஆழம், ஊற்று, மாடு கட்டிக் கவலை இறைப்பதிலுள்ள கஷ்டம் — எதைக் கேட்டாலும் தங்குதடையில்லாமல் பதில்! மாட்டிடம் பேசியது வீண்போகவில்லை. எனக்கு நெஞ்சு பூரித்துவிட்டது.

கடைசியில் துரை சொன்னார்: "நல்லது. வேலையை உனக்கே தருகிறேன். எடுத்துக்கொள்கிறாயா?"

நாச்சிமுத்து வெட்கத்தோடு தலையைச் சொறிந்தான். "நோ, சார்... நோ, நோ."

"வருத்தம்தான். குட் டே" என்றார் துரை.

அவன் சிரித்த முகத்தோடு வெளியே வந்து என் பக்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்தான்.

"வேலை கெடைச்சுப்போச்சுங்க, மச்சான்!"

"அடப்பாவி, நோன்னு சொல்லிப்போட்டு வந்திருக்கறயே!"

"பின்னே, கேட்டதும் சரீன்னா என்னுங்க நெனைப்பாரு? அலையறான்னு நெனைக்க மாட்டாருங்களா? இன்னொருக்காக் கூப்புட்டுக் கேப்பாருங்க. செத்த இருங்க."

எனக்குத் தலை சுற்றியது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் காப்பி வேண்டுமா என்றால் வேண்டாமுங்க என்போம். பாயில் உட்காரச் சொன்னால் பரவாயில்லீங்க என்போம். இரண்டாம் தடவை கேட்பது கேட்பவர் பொறுப்பு! ஆனால் துரைக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?

"அவங்க ஒருக்காத்தான் கேப்பாங்க, மாப்பிள்ளை" என்றேன். அதற்குள் பியூன் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டுவிட்டான்.

நாச்சிமுத்துவின் முகம் வெளிறிவிட்டது. எழுந்து, பியூனையும் அந்த ஆளையும் தாண்டி உள்ளே பாய்ந்தான்.

"சார்! நான் சொன்ன நோ நிஜமான நோ இல்லை. எங்கள் ஊரில் முதல் நோ மரியாதைக்காக. நீங்கள் மறுபடி கேட்பீர்கள் என்று வெளியே காத்திருந்தேன். எனக்கு இந்த வேலை வேண்டும். ரொம்ப வேண்டும், சார்." எல்லாம் இங்கிலீஷில்தான். நடுவே எத்தனை தப்போ, யார் கவனித்தார்கள்?

துரை பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்படியானால்... நான் போய்க் கேட்டபோது மோட்டார் வேண்டாம் என்று சொன்ன குடியானவர்கள்?"

"நீங்கள் இரண்டாம் தடவை வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள், சார்."

துரை சிரித்த சிரிப்பில் மேஜை மேல் இருந்த தொப்பி கீழே விழுந்தது. "சரி, இதோ இரண்டாம் தடவை கேட்கிறேன். இந்த வேலையை..."

"யெஸ், சார்!"

வீட்டு வாசலில் என் மனைவி காத்திருந்தாள். "ஏங்கண்ணு, என்னாச்சு?" என்று தம்பியைக் கேட்டாள். அவன் சந்தோஷத்தில் தமிழை மறந்து, "யெஸ், அக்கா!" என்றான். ஓர் எழுத்து இங்கிலீஷ் தெரியாதவள், அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

இங்கிலீஷில் முக்கியமான வார்த்தை அதுதான், வாசகர்களே... தயவுசெய்து முதல் தடவையே சொல்லிவிடுங்கள்!