துரை பார்க்க எடுத்த ஓய்வு

என் அம்மா சவுரியம்மாளுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. கோயிலில் பிரசங்கம் கேட்கும்போதுகூட முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருப்பாள். அப்பா இறந்த பிறகு ஆம்பூரில் இஷ்தியாக் அகமது சாயபுவின் தோல் ஷாப்பில் சேர்ந்து, தோல் பதனிடுவதற்கான ஆவாரம்பட்டையை இடித்தாள். ஞாயிற்றுக்கிழமையும் இடித்தாள். சுண்ணாம்புக் குழியில் ஊறுகிற தோலுக்கு லீவு நாள் தெரியாது என்பார் மேஸ்திரி கன்னியப்பன்.

அந்த வருஷம் எனக்கு வரன் தேடினார்கள். எங்கள் மேல் ஷாப்பு நாற்றம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று இரண்டு இடத்தார் திரும்பிவிட்டார்கள். மூன்றாவதாகக் காவேரிப்பாக்கத்திலிருந்து ஒரு வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். இதுவும் தப்பினால் வேறு இடம் இல்லை என்று அம்மா பயந்தாள்.

அதே ஞாயிறுதான் ஜெனீவா துரையும் வந்தார். ஜெனீவாவில் பல தேசத்துச் சர்க்கார்களும் கூடி, தொழிலாளிக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு கொடுப்போம் என்று ஒப்புக்கொண்டிருந்தார்களாம். நம் சர்க்காரும் கையெழுத்துப் போட்டிருந்ததாம். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்களா என்று பார்க்க அந்தத் துரை ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்.

"நாம லீவு வுடுறது துரைக்கு நல்லாத் தெரியணும்" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுச் சாயபு வாணியம்பாடிக்குப் போய்விட்டார். மேஸ்திரிக்கு ஒரே கவலை. ஷாப்பு காலியாகக் கிடந்தால் துரை எதைப் பார்ப்பார்?

சனிக்கிழமை எல்லோரையும் கூட்டினார். "நாளைக்கு லீவு. அதனால ஒருத்தர் பாக்கி இல்லாம எல்லாரும் வந்துடணும். குளிச்சு, வெளுத்த துணி கட்டிகினு வந்து, துரை கண்ணு முன்னால ரெஸ்ட் எடுக்கணும். வராதவங்க திங்கக்கிழமையும் வர வேணாம்."

"என் பொண்ணைப் பார்க்க வர்றாங்க மேஸ்திரி" என்றாள் அம்மா.

"அவங்களையும் இங்கயே இட்டுகினு வா. கூட்டம் ஜாஸ்தியா இருந்தா நல்லதுதான்."

அம்மாவுக்கு வேறு வழியில்லை. வருகிறவர்களை ஷாப்புக்கு அனுப்பும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

தோல் உலர்த்தும் களத்தில் கோணி விரித்து எல்லோரையும் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். மேஸ்திரி குச்சியோடு சுற்றி வந்தார். "ஏய், யாரது எழுந்திருக்கிறது? படு! கண்ணை மூடு! மூஞ்சியில கொஞ்சம் சந்தோஷம் காட்டு!"

"இடுப்பு நோவுது மேஸ்திரி" என்றாள் அம்மாவுக்கு அடுத்துப் படுத்திருந்த ரங்கம்மாள். "கொஞ்சம் வேலை குடுங்க. செஞ்சுட்டு வந்து மறுபடியும் படுக்கிறேன்."

"மூச்! துரை போற வரைக்கும் ரெஸ்ட்டுதான்."

அம்மா படுத்தபடியே கோணியிலிருந்து நூல் உருவிக்கொண்டிருந்தாள். பாதிக் கோணி காணாமல் போயிருந்தது.

அப்போதுதான் காவேரிப்பாக்கத்தார் வந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டதால் கால்களைத்தான் பார்க்க முடிந்தது. முன்னால் நின்ற மெட்டிக் கால்கள் மாப்பிள்ளையின் அம்மா ஞானம்மாளுடையவை.

"இன்னாங்க இது? பொண்ணு பார்க்க வந்தா எல்லாரும் சாஞ்சு கெடக்கிறாங்க! எதுனா நோவா? தரகர் பொண்ணோட அம்மா ஆபீஸ்ல இருக்கிறதா இல்ல சொன்னாரு?"

அம்மா வாய் திறப்பதற்குள் பளபளவென்று இரண்டு பூட்ஸ்கள் வந்து நின்றன. துரைதான். அவர் பக்கத்தில் நின்ற செருப்புக் கால்கள் எங்கள் ஊர் ஜெபசீலன் வாத்தியாருடையவை. துரை கேட்பதை அவர் தமிழில் சொன்னார்.

"உங்களுக்கு ஓய்வு நாள் எதுன்னு துரை கேக்கிறார்."

"இன்னிக்குதாங்க" என்று அம்மா எழுந்து நின்றாள்.

"அப்போ இங்க ஏன் வந்தீங்க?"

"ரெஸ்ட் எடுக்கத்தாங்க. வந்து ரெஸ்ட் எடுக்காட்டி வேலை போய்டும்னாங்க."

மேஸ்திரியின் குச்சி கீழே விழுந்தது. வாத்தியார் இதை இங்கிலீஷில் சொல்லி முடிக்கவே சிரமப்பட்டார். பூட்ஸ்கள் குலுங்கின. துரை சிரித்திருக்க வேண்டும்.

"மத்த ஞாயித்துக்கிழமை?"

"பட்டை இடிப்பேன். ஆபீஸ்ல எல்லாம் நான் இல்லைங்க." இதை மட்டும் ஞானம்மாள் பக்கம் திரும்பிச் சொன்னாள். "அந்த நாத்தம் எங்க வீட்லயும் இருக்கும். பொண்ணுகிட்டயும் இருக்கும். புடிச்சா வெத்திலை எடுத்துக்கோங்க."

வாத்தியார் அதையும் மொழிபெயர்த்துவிட்டார். துரை தட்டிலிருந்து மரியாதையாக ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

"ஐயோ, அது எனக்கு!" என்று ஞானம்மாள் பாய்ந்து தட்டையே வாங்கிக்கொண்டாள். மெட்டிக் கால்கள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. "துரைகிட்டயே மறைக்காதவ நம்மகிட்ட இன்னாத்த மறைக்கப் போறா? தரகரை நான் பார்த்துக்கிறேன். எழுந்திரும்மா, மூஞ்சியைக் காட்டு."

வாணியம்பாடியிலிருந்து திரும்பிய சாயபு தலையில் கை வைத்துக்கொண்டார். "லீவுன்னா ஆளுங்க வீட்ல இருக்கணும்டா கன்னியப்பா! பேஜார் பண்ணிட்டியே!" அம்மாவை ஒன்றும் சொல்லவில்லை. துரை மறுபடி வருவாரோ என்ற பயத்தில், அடுத்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஷாப்புக் கதவு பூட்டியே இருந்தது.

என் கல்யாணத்துக்குத் திங்கட்கிழமை லீவு கேட்டாள் அம்மா.

"அதான் ஞாயித்துக்கிழமை லீவு வுடுறோமே, அன்னிக்கு வெச்சுக்கக் கூடாதா?" என்று எரிந்து விழுந்தார் மேஸ்திரி.

"ஞாயித்துக்கிழமை ரெஸ்ட் எடுக்கணும் மேஸ்திரி" என்றாள் அம்மா. "கல்யாணம் பண்ணி வெக்கிறது வேலை. துரை கேட்டா இன்னா சொல்லுவீங்க?"