குட்டியானையில் பிறந்த குட்டிகள்

எங்கள் லேப்ரடாருக்கு மூன்று வயது நிறைந்தபோது, அவள் ஒரு முறையாவது குட்டி போடட்டும் என்று முடிவு செய்தோம். முடிவு செய்தது நான். "சரிம்மா" என்றது என் கணவர். வலங்கைமானில் எங்களுக்கு வீடும், பக்கத்திலேயே மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், வயலும் உண்டு. நான் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். அவள் பகல் முழுக்க அந்த மிஷினுக்கு அடியில்தான் கிடப்பாள்.

கால்நடை டாக்டர் அவளைச் சோதித்துப் பார்த்தார். "ரத்தம் பட ஆரம்பிச்ச நாளைக் குறிச்சு வைங்க. பத்து நாள் தாண்டினதும் கூட்டிட்டுப் போங்க. பொட்டையைத்தான் ஆண் நாய் இருக்கிற வீட்டுக்குக் கொண்டு போகணும். வேற இடம்னா ஆண் நாய் பயந்துக்கும்" என்றார்.

பன்னிரண்டாம் நாள் திருவாரூருக்குப் போனோம். அங்கே ஒரு பாய், துபாயிலிருந்து திரும்பி வந்து ஜவுளிக்கடை வைத்திருப்பவர், கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு கறுப்பு லேப்ரடார் வளர்த்தார். எங்கள் பெண் வாசலில் கால் வைத்து ஒரு குரைப்புக் குரைத்தாள். அவ்வளவுதான், அந்தக் கறுப்பன் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டான்.

"தெருவுல புலி மாதிரி திரிவான்மா. இன்னைக்கு என்னமோ..." என்று பாய் நெளிந்தார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "நாலு பேரு சுத்தி நின்னு பாத்தா அது என்னதான் பண்ணும்? உள்ள வாங்க, டீ ஆறுது."

நாய் இரண்டையும் கொல்லையில் விட்டுவிட்டு, டீ குடித்தபடி நானும் பாயின் மனைவியும் ஜாக்கெட் கழுத்து வடிவங்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டோம். திடீரென்று கொல்லையில் ஒரு வீறல். ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டும் பின்புறம் ஒட்டிக்கொண்டு, எதிரெதிர்த் திசை பார்த்து நின்றன.

"ஐயோ, பிரிச்சு விடுங்க!" என்று கத்தினேன்.

"தொடாதீங்க! தானா விடும். இழுத்தா ரெண்டுக்கும் காயமாயிடும்" என்றார் பாய்.

அவளை நான் பிடித்துக்கொண்டேன், அவனை அவர் பிடித்துக்கொண்டார். இருபது நிமிடம். கூச்சத்தில் நான் தென்னை மரத்தைப் பார்த்தேன், அவர் தன் செருப்பைப் பார்த்தார். கடைசியில் அவர் மனைவிதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

ஒரு நாள் விட்டு மறுபடி போனோம். ஒரு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் ஐந்து குட்டி என்று தெரிந்தது. என் கணவர் அன்றே கால்சியம் மாத்திரை வாங்கி வந்து, டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். "இப்பக் குடுத்தா குட்டி போட்ட பிறகு சிக்கலாகும். நல்ல சாப்பாடு போதும். வயிறு பெருத்ததும் கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சுக் குடுங்க" என்றார் அவர். அன்றிலிருந்து என் கணவர் நாளுக்கு நான்கு முறை கோழியும் சோறும் பிசைந்தார். எனக்கு ஒரு நாளும் பிசைந்ததில்லை.

அறுபத்திரண்டாம் நாள் காலை அவள் கோழியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடம்புச் சூடு இறங்கியிருந்தது. முக்க ஆரம்பித்து ஒரு மணி நேரமாகியும் எதுவும் வரவில்லை. போன் செய்தோம். "உடனே கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர். அவர் இருப்பது கும்பகோணத்தில். என் கணவர் பக்கத்து வீட்டுக் குட்டியானையை, அதுதான் அந்தச் சின்ன லோடு வண்டியை, ஓட்ட, பின்னால் பழைய புடவைகளை விரித்து நானும் அவளும் உட்கார்ந்தோம்.

அறுவடை நேரம். பாதிச் சாலையில் நெல் காய்ந்தது. வண்டி மெதுவாக ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அந்தக் குலுக்கலில் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது முதல் குட்டி.

"நிறுத்துங்க! வந்துடுச்சு!"

நெல் துழாவிக்கொண்டிருந்த ஓர் அம்மா ஓடி வந்தார். "என்னம்மா ஆச்சு?" என்றவர், எட்டிப் பார்த்ததும் விறுவிறுவென்று வண்டியில் ஏறிவிட்டார். போனில் டாக்டரின் குரல்: "அது மேல இருக்கிற சவ்வைக் கிழிங்க. மூக்கு, வாயைத் துடைங்க." நான் சவ்வைக் கிழித்தேன். அந்த அம்மா தன் தலைத்துண்டை உதறிக் கொடுத்தார். நான் துடைத்தேன், எங்கள் பெண் கொடியைத் தானே கடித்துவிட்டு நக்கினாள். கீச்சென்று ஒரு சத்தம். சாலையில் நின்ற அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

"ஆணா பொண்ணாம்மா?" என்று ஒரு பஸ் ஓட்டுநர் ஜன்னல் வழியே கேட்டுவிட்டுப் போனார்.

அங்கேயே நான்கு பிறந்தன. மீதி டாக்டரிடம் போய்ச் சேர்ந்த பிறகு. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு!

"ஸ்கேன்ல அஞ்சுதானே டாக்டர்?"

"ஒன்னு மேல ஒன்னு படுத்திருந்தா எப்படிம்மா எண்ணுறது?"

அவள் களைத்துக் கிடந்தாள். எட்டும் அவள் மடியில் முட்டி மோதிப் பால் குடித்தன. நான் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தேன். என் கணவர் வெளியே நின்று தன் பெரியப்பா மகனுக்குப் போன் போட்டு, "அண்ணே, எட்டு! எட்டு!" என்று கத்தினார்.

ஸ்பீக்கரில் பதில் வந்தது: "மாவுக்கு எட்டு மூட்டை நெல்லா? பரவாயில்லையேடா, என்ன உரம் போட்டே?"