மாஸ்டர் பாட்டிலுக்கு நான் போட்ட மார்க்

மூக்கை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவள் நான். இதைச் சொன்னதும், புதிதாகப் பழகுகிறவர்கள் தங்கள் சட்டைக் காலரை யாருக்கும் தெரியாமல் மோந்து பார்த்துக்கொள்வார்கள்.

ஆம்பூரில் ஒரு மாடியில் சின்னதாக டெஸ்டிங் லேப் வைத்திருக்கிறேன். ஷூ கம்பெனிகளும் தோல் பதனிடுகிறவர்களும் சாம்பிள் அனுப்புவார்கள். அதைக் கண்ணாடி ஜாடிக்குள் போட்டு, மூடியை இறுக்கி, ஓவனில் மிதமான சூட்டில் ராத்திரி முழுக்க வைப்போம். காலையில் மூடியை லேசாகத் திறந்து மோந்து பார்த்து மார்க் போட வேண்டும். ஒன்று என்றால் வாசனையே இல்லை, உத்தமமான தோல். ஐந்து என்றால் ஆளை அடித்துத் தள்ளுகிறது, அந்தச் சரக்கு மொத்தமும், அதாவது லாட்டே, ரிஜெக்ட். பள்ளிக்கூடத்து மார்க்குக்கு நேர் எதிர். மூன்று பேர் தனித்தனியாக மார்க் போட வேண்டும், தோலைச் செய்தவர் அந்த மூன்று பேரில் இருக்கக் கூடாது என்பது விதி. நானும் என் லேப் பெண்கள் இரண்டு பேரும் தலையில் பூ வைக்காமல், முகத்துக்குப் பவுடர் போடாமல், காபிகூடக் குடிக்காமல் காலை வேளையில் ஜாடி ஜாடியாக மோந்துகொண்டிருப்போம். கீழே தையல் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு எங்கள் லேப்பே பிடிக்காது. வாரம் ஒருமுறையாவது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறி வந்து, "இன்னாமா எரிக்கிறீங்க?" என்று சண்டை போடாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இந்த மூக்கால் எனக்குக் கிடைத்த பெரிய எதிரி மாஸ்டர். தோலுக்கு நிறம் ஏற்றிப் பளபளப்பு கொடுக்கும் ஃபினிஷிங் பகுதியில் தலைமை ஆள் என்பதால் அந்தப் பெயர். ஓய்வு பெறும்வரை அவர் லாட்டுகள் என்னிடம்தான் வந்தன. அவர் தோலுக்கு ஐந்து போட்டால் அன்று சாயங்காலமே ஸ்கூட்டரில் வந்து நிற்பார்.

"இன்னாமா, ஜலதோஷமா உனக்கு?"

"இல்ல மாஸ்டர். பளபளப்புல கலக்குற தின்னர் வாசனை ஜாஸ்தியா இருக்கு."

"ரீ-டெஸ்ட் போடு."

போடுவேன். மறுபடியும் ஐந்து வரும். ஒரு வாரம் என்னோடு பேச மாட்டார். அடுத்த லாட்டோடு சமாதானமாகி வருவார், கூடவே ஒரு பொட்டலம் மக்கன்பேடா இனிப்பு வரும். அது லஞ்சம் இல்லை என்று அவர் சொல்வார். நான் நம்பவில்லை, ஆனால் சாப்பிட்டேன்.

அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் எங்களுக்குள் விஸ்கி வந்தது. நான் மோந்து பார்ப்பதோடு சரி என்று அம்மாவிடமும் சர்ச் போதகரிடமும் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் கூட்டத்தில் மொத்தமே மூன்று பேர். மூன்றாவது ஆள் குடியாத்தத்தில் விசைத்தறி வைத்து லுங்கி நெய்கிறவர். லுங்கி அண்ணன் என்றே கூப்பிடுவோம். அவர்தான் அசல் பைத்தியம். ஷூ கண்காட்சிக்கு வெளிநாடு போகிறவர்கள், துபாயிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள், யார் பெட்டி கட்டினாலும் அண்ணனிடமிருந்து ஒரு போன் போகும். அப்படிச் சேர்த்த பாட்டில்களை வீட்டு பீரோவில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் தன் தறியில் நெய்த லுங்கியைச் சுற்றி வைத்திருக்கிறார். புகை வாசனை வருகிற சரக்குக்குக் கறுப்புக் கட்டம், இனிப்பாக இருப்பதற்கு மஞ்சள் கட்டம். பீரோவைத் திறந்தால் கல்யாண வீட்டுப் பந்தியில் ஆண்கள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். விற்றால் போலீஸ் பிடிக்கும் என்பதால் யாரும் விற்பதில்லை. "மாத்திக்கிறது" என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். உன்னுடைய ஒன்று, என்னுடைய இரண்டு, மேலே ஒரு டஜன் லுங்கி. இதற்கென்று போனில் குழுக்கள் இருக்கின்றன. பெண் பார்க்கிற மாதிரி பாட்டிலின் போட்டோவை முன்னும் பின்னும் எடுத்து அனுப்பிக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு வேலூரில் மாஸ்டர் வீட்டு மாடியில் கூடுவோம். ஊர் உலகம் இருட்டில் ஒளிந்து குடிக்கும்போது நாங்கள் திரையை முழுக்க விலக்கி வைத்து ஊற்றுவோம். காரணம் மாஸ்டர்தான். தோலைத் தரம் பிரிக்கிறவர்கள் வடக்குப் பார்த்த ஜன்னல் வெளிச்சத்தில்தான் பார்ப்பார்கள். பல்பு வெளிச்சம் பொய் சொல்லும் என்பது அவர்கள் நம்பிக்கை. எனவே விஸ்கியும் வடக்கு ஜன்னலுக்கு வந்தாக வேண்டும். கோயிலுக்கும் சர்ச்சுக்கும் போய்த் திரும்புகிற தெருக்காரர்கள் மேலே பார்த்து மாஸ்டருக்கு வணக்கம் வைப்பார்கள். அவரும் கிளாஸ் இல்லாத கையால் பதில் வணக்கம் வைப்பார்.

லுங்கி அண்ணன் போனைப் பார்த்து வர்ணனை படிப்பார். "முதல்ல தேன் வருமாம், அப்புறம் பழைய லெதர் வாசனை வருமாம்." அவ்வளவுதான், எனக்கும் மாஸ்டருக்கும் சண்டை ஆரம்பிக்கும்.

"எந்த லெதர்னு போட்டிருக்கான்? குரோம் உப்புல பதம் பண்ணதா, மரப்பட்டையில பதம் பண்ணதா?" என்பார் மாஸ்டர்.

"ஃபினிஷிங்குக்கு முன்னாடியா, அப்புறமா?" என்பேன் நான்.

"எங்க ஊர்ல லெதர் வாசனை வந்தா, கழிவுத்தண்ணி மோட்டார் நின்னுட்சின்னு அர்த்தம்" என்பார் மாஸ்டர். "அதப்போயி காசு குடுத்து வாங்குவானா?"

உண்மையில் எங்கள் இரண்டு பேருக்கும் அந்த லெதர் வாசனை ஒருநாளும் தெரிந்ததில்லை. பிறந்ததிலிருந்து அதிலேயே ஊறிய மூக்குகள். அண்ணன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, "ஆஹா, வருது வருது" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

மாஸ்டரிடம் இருந்தது ஒரே ஒரு நல்ல பாட்டில். அதை அவர் திறந்ததே இல்லை. அவரிடம் தோல் வாங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர், பல வருஷமாக வந்து போனவர், ஒருதரம்கூட நல்ல வார்த்தை சொன்னதில்லை. எதைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்கி ஓகே என்பதோடு சரி. மாஸ்டர் ஓய்வு பெற்ற அன்று அந்த மனிதர் கம்பெனி கேட்டில் நின்று, பெட்டியிலிருந்து இந்த பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்து, "அந்த பிரவுனுக்காக" என்றாராம். மாஸ்டர் உருவாக்கிய ஒரு பிரவுன் நிறம் அது. பாட்டிலோ, எப்போதோ மூடிவிட்ட ஒரு சாராய ஆலையுடையது, இனி எங்கும் கிடைக்காது. மாஸ்டர் தன் வாழ்க்கையில் வாங்கிய ஒரே மெடல் அதுதான்.

லுங்கி அண்ணனுக்கு அதன்மேல் ரொம்ப நாளாகக் கண். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் பீரோவிலிருந்து மூன்று நல்ல சரக்கை மஞ்சப்பையில் வைத்து பஸ்ஸில் மடியில் சுமந்துகொண்டு வந்தார். மூன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளலாம் என்று கெஞ்சினார். மாஸ்டர் தர மாட்டேன் என்றார், ஆனால் காட்டுகிறேன் என்று பீரோவிலிருந்து எடுத்து வந்தார். அண்ணன் அதை வடக்கு ஜன்னலில் தூக்கிப் பிடித்தார். முகம் மாறிவிட்டது.

"இன்னாண்ணே?" என்றார் மாஸ்டர்.

"ஒண்ணுமில்ல மாஸ்டர். அளவு கம்மியா இருக்கு. கழுத்து வரைக்கும் இருக்கணும், தோளுக்கு வந்துட்சி."

"அதனால?"

"இப்பல்லாம் காலி பாட்டில வாங்கி வேற சரக்க ஊத்தி மூடிடறாங்க. ரீஃபில். அந்த ஆளு தெரியாமகூட வாங்கியிருக்கலாம்."

மாஸ்டர் பாட்டிலை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். அன்று யாருக்கும் ஊற்றவில்லை. எனக்கு அண்ணன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. சந்தேகம் இருந்தால் மனசுக்குள் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே?

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் மாஸ்டர் பாட்டிலோடு என் லேப்புக்கு வந்து நின்றார். ஒரு வாரத்தில் பத்து வயசு கூடியிருந்தது.

"பாட்டில் போலின்னா அந்த வெள்ளக்காரன் சொன்னதும் போலிமா. ஏர்போர்ட்ல மலிவா கிடைச்சத கையில திணிச்சிட்டுப் போயிருக்கான். எனக்குத் தெரிஞ்சாகணும்."

"திறந்து மோந்து பாத்துடலாம் மாஸ்டர்."

"திறந்தா போச்சே. நெஜமா இருந்து திறந்துட்டேன்னா? திறக்காம சொல்லு. ஜாடியில வெச்சி சூடு பண்ணு. கார்க் வழியா கொஞ்சமாவது வாசனை வரும்ல?"

யோசித்துப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் அந்த நேரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் அது மகா அறிவாளித்தனமாகப்பட்டது. வாழ்க்கையில் எந்தச் சந்தேகத்தையும் ஜாடியில் போட்டுத்தான் தீர்த்திருக்கிறோம். முழு பூட்ஸைப் படுக்க வைத்து டெஸ்ட் பண்ணுகிற பெரிய ஜாடி ஒன்று என்னிடம் உண்டு. பூட்ஸைப் படுக்க வைக்கிற மாதிரியே பாட்டிலையும் பக்குவமாகப் படுக்க வைத்து, மூடியை இறுக்கி, ஓவனில் நாற்பது டிகிரியில் வைத்தேன். அதே ஓவனின் மேல்தட்டில் ஒரு குழந்தை ஷூ கம்பெனியின் சாம்பிள், ஈரம் போவதற்காக ஜாடியில் போடாமல், திறந்தபடி இருந்தது. லுங்கி அண்ணனுக்கு போன் பண்ணி, காலையில் வந்து சேரும்படி சொன்னேன். "நாப்பது டிகிரிக்கு ஓவன் எதுக்கு? வேலூர் வெயில்ல வெச்சா போதாதா?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் படியேறும்போதே தெரிந்துவிட்டது. மாடிப்படி முழுக்க மணந்தது. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த லுங்கி அண்ணன் நின்று திரும்பி, "மேடம், பாட்டில நிக்க வெச்சீங்கதானே?" என்றார்.

"படுக்க வெச்சேன்."

"அய்யோ! விஸ்கிய படுக்க வைக்கக் கூடாதும்மா! கார்க்க அரிச்சிடும்!"

கறுப்புக் கட்டமும் மஞ்சள் கட்டமுமாக நிறுத்தி வைத்திருந்த அந்த பீரோ அப்போதுதான் என் ஞாபகத்துக்கு வந்தது. எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், ஒன்றுகூடப் படுத்திருக்கவில்லை. ஓவனைத் திறந்தோம். உள்ளே கட்டிய ஆவி ஜாடியின் மூடியைத் தூக்கிவிட்டிருந்தது. ஜாடியின் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு விஸ்கி தேங்கியிருந்தது. கார்க் பாதி நொறுங்கி பாட்டில் கழுத்தில் தொங்கியது. மேல்தட்டுக் குழந்தை ஷூவும் நன்றாகக் குடித்துவிட்டிருந்தது. மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் பாட்டிலை வெளியே எடுத்து நிமிர்த்தி வைத்தார். முக்கால்வாசி மிச்சம் இருந்தது. நொறுங்கிய கார்க்கை உள்ளங்கையில் கொட்டி ஜன்னலோரம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாஸ்டர், இது பழைய கார்க். ஆலையோட முத்திரை சுட்டிருக்கு பாருங்க. ரீஃபில் பண்றவன் புதுசுதான் வெப்பான். இது காஞ்சி சுருங்கிப் போயிருக்கு. இத்தினி வருஷம் உங்க பீரோவுல வேலூர் வெயில் தின்னிருக்கு. அளவு கம்மியானது அதனாலதான்."

மாஸ்டர் தலை நிமிரவில்லை. "கார்க் பேச்சு எனக்கு வேணாம். அந்தம்மா மூக்கு சொல்லட்டும்" என்றார்.

ஜாடிமேல் குனிந்தேன். மலிவுச் சாராயத்தில் நிறம் கலந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தின்னருக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி மூக்கின் மேல்பக்கம் குத்தும். வருஷக்கணக்காக அதைத்தான் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மறுபடி மறுபடி மோந்தேன். குத்தல் இல்லவே இல்லை. வெல்லம் காய்ச்சுகிற கொட்டகை மாதிரி, காய்ந்த ஆரஞ்சுத் தோல் மாதிரி, விறகுப் புகை அடங்கின பிறகு வருகிற வாசனை மாதிரி ஏதேதோ வந்துகொண்டே இருந்தது.

"விதிப்படி செய்யலாம்" என்றேன். "ஆளுக்கு ஒரு மார்க். விரலைக் காட்டணும்."

"நான் போட மாட்டேன். என் லாட்டுக்கு நானே போடக் கூடாது" என்றார் மாஸ்டர். அந்த நிலைமையிலும் விதியை விடவில்லை.

நானும் அண்ணனும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம். இரண்டு பேருமே ஐந்து விரல். அண்ணன் ஐந்து நட்சத்திர ஹோட்டல் கணக்கில் போட்டது, நான் லேப் கணக்கில், ஆளை அடித்துத் தள்ளுகிற வாசனைக்குப் போட்டது. மூன்றாவது மார்க்குக்கு எங்கே போவது என்று நான் யோசிக்கும்போதே படியில் சத்தம் கேட்டது. தையல்கடை அக்கா சர்ச்சிலிருந்து திரும்பியவர், பட்டுப்புடவை முந்தானையால் மூக்கை மூடியபடி வாசலில் நின்றார்.

"கர்த்தர் நாளும் அதுவுமா இன்னாமா இது? வயித்தப் புரட்டுது! இருக்க முடியல இங்க!"

"அக்காவும் அஞ்சு" என்று அறிவித்தேன். எதற்கு என்று புரியாமல் அவர் எங்களை முறைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மாஸ்டர் மெதுவாக எழுந்து வந்தார். என்னிடம் ஐந்து வாங்கும்போதெல்லாம் சுருங்குகிற அந்த முகம் அன்று சுருங்கவில்லை.

"அஞ்சா?"

"அஞ்சு மாஸ்டர். தின்னர் இல்ல. ஒரு துளி இல்ல."

"அப்ப அந்த பிரவுன்..."

"அந்த பிரவுன் நல்ல பிரவுன் மாஸ்டர். அந்த ஆளு மனசாரத்தான் குடுத்திருக்கான்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நாங்கள் பார்க்காத மாதிரி இருந்தோம். பிறகு மேஜையில் கவிழ்த்து வைத்திருந்த காபி டம்ளர்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தார். இத்தனை வருஷம் திறக்காமல் காப்பாற்றிய பாட்டிலைத் தானே எடுத்து, ஊற்றச் சொல்லி அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் ஊற்றியதும் தன் டம்ளரைத் தூக்கிக்கொண்டு போய் வடக்கு ஜன்னலோரம் நின்றார்.

"ரீ-டெஸ்ட் போடு" என்றார்.