பபிரியேயின் தளர்ந்த பட்டை

மசாகா பக்கத்திலுள்ள எங்கள் பள்ளியின் கைவேலை டீச்சருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு, யாருக்கும் நினைவில்லை. இரட்டைப் பெண்களைப் பெற்றவள் என்பதால் எங்கள் ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் அவள் நலோங்கோ. நான் கணக்கு வாத்தியார், பக்கத்து அறை. அவள் சத்தம் தாங்காமல் பலமுறை ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன்.

ஒன்றாம் வகுப்புக்கு வாழைச்சருகுப் பந்து. நாலாம் வகுப்புக்குக் கயிறு. ஏழாம் வகுப்புக்கு ஈச்ச ஓலைப் பாய். ஆளுக்கொரு பட்டை முடைந்து, இருவர் பட்டையைச் சேர்த்துத் தைக்க வேண்டும். எந்த வயதானாலும் சட்டம் ஒன்றுதான். சரியில்லையா, பிரித்துவிட்டு மறுபடி செய். பிஞ்சுகள் உதட்டைப் பிதுக்கினாலும் விடமாட்டாள். "அழுதுக்கிட்டே பிரி கண்ணு, கைக்கு என்ன வந்துச்சு?" என்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அவளிடம் படித்த பிள்ளைகள்தான் என் கணக்கையும் பாதியில் விடமாட்டார்கள். அதையும் சொல்லியாக வேண்டும்.

அவளுடைய பெண்கள் பபிரியேயும் நகாட்டோவும் போன வருஷம் ஏழாவது. இளையவள் நகாட்டோ முடைந்தால் ஓலை இறுகி நிற்கும். மூத்தவள் பபிரியே வாயாடி, வேலையில் அவசரம். ஒரு வெள்ளிக்கிழமை அவள் பட்டையை நலோங்கோ வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இதுல கோழிக்குஞ்சு நுழைஞ்சு போகும். பிரி."

"திங்கக்கிழமை பிரிக்கிறேம்மா. தலை வலிக்குது."

"நல்ல சாக்கு. பிரிக்கச் சொன்னாத்தான் உனக்குத் தலை வலிக்கும்."

திங்கட்கிழமை பபிரியே வரவில்லை. காய்ச்சல் மூளைக்கு ஏறி அந்த வாரமே போய்விட்டாள். இரட்டையர் இறந்தால் இறந்தார் என்று நாங்கள் சொல்வதில்லை, பறந்துவிட்டார் என்போம். துக்கத்துக்கு வந்தவர்களும் "பறந்துட்டா" என்றே சொன்னார்கள். நலோங்கோ என்னைப் பார்த்துக் கேட்டாள்: "தலை வலிக்குதுன்னுதானே சார் சொன்னா? நான் சாக்குன்னுட்டேனே."

அவள் மறுபடி வகுப்புக்கு வந்தது பாய் தைக்கும் நாளில். நகாட்டோ தன் பட்டையையும் அக்காள் பட்டையையும் மேசையில் வைத்தாள். அன்று என் ஜன்னல் திறந்திருந்தது.

நபுக்கேரா என்ற பெண் கேட்டாள்: "டீச்சர், பபிரியேயோடது தளர்வா இருக்கு. பிரிச்சு முடையணும்ல?"

பிள்ளை தப்பாகக் கேட்கவில்லை. சொல்லிக்கொடுத்ததைத்தான் கேட்டது. நகாட்டோவும் பட்டையின் நுனியைப் பிரிக்க எடுத்தாள்.

"வேண்டாம்," என்றாள் நலோங்கோ.

"தப்பா இருக்கேம்மா."

"இருக்கட்டும். அவ கை பட்டது அது. பிரிச்சுட்டா எனக்கு என்னடி மிஞ்சும்?"

நலோங்கோவே உட்கார்ந்து இரண்டு பட்டையையும் சேர்த்துத் தைத்தாள்.

சட்டத்தை அவள் விட்டுவிடவில்லை. இப்போதும் பிரிக்கச் சொல்கிறாள். சொல்லும்முன் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள்.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். அந்தப் பாயில் நகாட்டோ பக்கம்தான் என்னை உட்காரச் சொன்னாள். பபிரியே பக்கம் யாரையும் விடுவதில்லை. பேசிக்கொண்டே அந்தப் பின்னலைத் தடவிக்கொண்டிருந்தவள், ஓலை இடுக்கில் சுண்டுவிரலை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"கோழிக்குஞ்சு நுழையும்னேன் சார்," என்றாள். "என் விரல்கூட நுழையல."