இரண்டு ஜோடிக் கண்மலர்

எண்பதுகளில் நாமக்கல் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்தோம். தீவன மூட்டைகளை எலியிடமிருந்து காத்தது ஒரு சாம்பல் பூனை. அது மூட்டை இடுக்கில் போட்ட குட்டிகளில் ஒன்றுதான் பிழைத்தது. அதுவும் ஓயாமல் தும்மியது. மூக்கு ஒழுகி, இரண்டு கண்களும் பூளை கட்டி ஒட்டிக்கொண்டன. கண் நோவுக்குத் தாய்ப்பால் விடுவது எங்கள் வழக்கம். என் மகளுக்கு அப்போது நான்கு மாதம். குட்டியை மடியில் போட்டு, கண்ணைத் துடைத்து, என் பாலையே இரண்டு சொட்டு விட்டேன். பெரிய வைத்தியச்சி என்ற நினைப்பு.

மூன்றாம் நாள் காலையில் மகளின் வலது கண் திறக்கவில்லை. அதே மஞ்சள் பூளை.

குட்டியைத் தொட்ட கையைக் கழுவினேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. பெற்றவளே பிள்ளையின் கண்ணைக் கெடுத்துவிட்டேனே என்று பதறினேன். கணவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அடுப்படியில் நின்று மாரியம்மனிடம் பேரம் பேசினேன்.

“ஆத்தா, வேணும்னா அந்தப் பூனைக்குட்டி கண்ண எடுத்துக்க. எம்புள்ள கண்ண உட்ரு. வெள்ளியில கண்மலர் வாங்கிச் சாத்தறேன்.”

அன்று கோழிகளுக்கு ஊசி போட மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்தார். கணவர் அந்தப் பக்கம் போனதும் கேட்டேன்.

“ஏனுங்க டாக்டர், பூனை கண்ணு நோவு கொழந்தைக்கு ஒட்டுமுங்களா?” கேட்கும்போதே அழுகை வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் குட்டியைத் தூக்கிப் பார்த்தார். “இது பூனைக்குப் பூனை பரவுற வைரஸும்மா, மனுசருக்கு வராது. கொழந்தைக்கு வந்தது வேற. பால் கீல் விடாம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. குட்டிக்குத்தான் ஒரு கண்ணுல புண்ணு விழுந்திருக்கு.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் கணவரிடம் உண்மையையும், கண்மலர் வேண்டியதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. பிள்ளையை என் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தில் ஒரே வாரத்தில் மகளின் கண் தெளிந்தது. குட்டியின் ஒரு கண் வெள்ளை விழுந்து, பார்வை போய்விட்டது.

கோயில் வாசலில் கண்மலர் வாங்கும்போது கணவர் கேட்டார், “ஏம்புள்ள, ஒரு ஜோடிதான வேண்டுன?”

“ஊட்ல ரெண்டு பேருக்குல்லங்க நோவு” என்றேன். அவர் சிரித்தார்.

டாக்டர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கண்ணை எடுத்துக்கொள்ளச் சொன்னது நான்தானே. அந்தப் பூனை பல வருடம் எங்களோடு இருந்தது. நல்ல கண்ணால் அது என்னை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் நான்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.