எந்த வரிசையை விட்டுவிடலாம்?

போன வாரம் ரயில் ஆம்பூரை நெருங்கியதும் எதிர் சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலை இறக்கினார். பச்சைத் தோலும் சுண்ணாம்பும் ஊறிய வாசனை. எனக்கு அதில் குமட்டல் வருவதில்லை... ஒரு கிழிந்த சட்டைக் கைதான் நினைவுக்கு வருகிறது.

இரண்டாயிரத்தின் தொடக்கம். வேலூர் லாங் பஜாரில் ஒரு மாடி அறை. நானும் என்னோடு வேலை பார்த்த ஃபிலோமினாவும் டேனரிகளில் தோல் பதனிடும் டிரம்களை ஓட்டும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். டிரம் என்றால் ஆளை விழுங்கும் அளவு பெரிய, சுழலும் மரப்பீப்பாய். உள்ளே தோல், தண்ணீர், மருந்து. கதவு மூடியிருந்தால்தான் கிளம்பும். அப்படித்தான் எழுதியிருந்தோம்!

ஆம்பூரில் ஒரு டேனரியில், நாலாவது டிரம் திறந்த கதவோடு கிளம்பியது. அதிலிருந்து தோல் எடுக்கும் ரஹீம் பாயின் சட்டைக் கை கிழிந்தது, கை தப்பியது. ஏன்? யாருக்கும் தெரியவில்லை. செய்து காட்டச் சொன்னால் டிரம் சாதுவாக நின்றது.

மறுநாள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அங்கே போனோம். ரஹீம் பாய் அந்தப் பக்கமே திரும்பவில்லை. சூப்பர்வைசர் மஸ்தான் பாய்க்கோ அவசரம். "நாலாவதுல இருக்கிற தோலை எடுக்கலேன்னா பாழாய்டும்மா. உள்ள கை விடலாமா, வேணாமா... சீக்கிரம் சொல்லு!"

எல்லா டிரம்மும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. எது முன்னே, எது பின்னே என்று நடக்கக்கூடிய அத்தனை வரிசைகளையும் கம்ப்யூட்டரிலேயே நடத்திப் பார்த்தால் தப்பு மாட்டும். பார்த்தோம். வரிசைகள் பெருகின, பெருகின... மெமரி நிரம்பி மெஷின் படுத்துவிட்டது.

"முதல் டிரம்ல தண்ணி முன்னாடி விழுந்தா இன்னா, மூணாவதுல உப்பு முன்னாடி விழுந்தா இன்னா?" என்றாள் ஃபிலோ. "ஒண்ணை ஒண்ணு தொடவே இல்லியே. ரெண்டுல ஒரு வரிசையைப் பார்த்தா போதும்."

அழகான யோசனை. மிச்ச வரிசைகளை வெட்டினோம். டீ ஆறுவதற்குள் பதில் வந்தது: தப்பு இல்லை.

அப்படியென்றால் சட்டையைக் கிழித்தது எது?

நான் வாய் திறப்பதற்குள் மஸ்தான் பாய் முந்திக்கொண்டார். "ரஹீமு! தப்பே இல்லியாம். பேஜார் பண்ணாம போப்பா!"

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. நாலாவதும் சேர்த்து எல்லா டிரம்மும் ஆடி ஆடி நின்றன. ரஹீம் பாய் மெல்ல நாலாவதை நோக்கி நடந்தார். கரண்ட் போன நேரத்தில் தோல் எடுப்பது அங்கே எல்லோருக்கும் வழக்கம். தானாக நின்றதை எதற்கு ஸ்டாப் அழுத்தி நிறுத்த வேண்டும்? ஜெனரேட்டர் உறுமியது. முதல் டிரம் சுற்றியது. அவர் கதவைத் திறந்து உள்ளே கை விட்டார். இரண்டாவது சுற்றியது...

ஃபிலோவுக்குப் புரிந்துவிட்டது. ஜெனரேட்டர் எல்லா டிரம்மையும் ஒரேயடியாக இழுக்காது என்று, ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும்படி எழுதியது நாங்கள்தான். ஒன்றையொன்று தொடாத டிரம்கள் அங்கே தொட்டுக்கொண்டன! ஆனால் கரண்ட் போவதை நாங்கள் சோதனையில் சேர்க்கவே இல்லை. தினமும் நடப்பதை யார் ஒரு சம்பவமாக எண்ணுவார்கள்? கரண்ட் வந்ததும் நாலாவது டிரம் தன் கதவைப் பார்க்கும். மூடியிருக்கிறது. சரி. பிறகு தன் முறைக்குக் காத்திருக்கும். காத்திருக்கும்போது யாராவது திறந்தால்? மறுபடி பார்க்காது.

மூன்றாவது சுற்றியது.

"கையை எடுங்க பாய்!" ஃபிலோ கத்தினாள்.

எடுத்தார். திறந்த வாயோடு நாலாவது கிளம்பி, தோலையும் தண்ணீரையும் அவர் காலடியில் வாரிக் கொட்டியது.

கரண்ட் போவதையும் சேர்த்துப் பழைய புரோகிராமைச் சோதித்தோம். தப்பு உடனே மாட்டியது. முறை வந்ததும் கதவை மறுபடி பார்க்கும்படி ஃபிலோ திருத்தினாள். திரும்பச் சோதித்தோம். தப்பு இல்லை. மிச்சத் தோலை ரஹீம் பாய் எடுத்தார், ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகு.

எல்லாவற்றையும் பார்த்துவிட யாராலும் முடியாது, மெஷினாலேயே முடியவில்லை. எதைப் பார்க்காமல் விடலாம் என்று முடிவு செய்கிறோமே, ஆபத்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

பஸ் ஏற்றிவிட ரஹீம் பாயே வந்தார். ஃபிலோ படியில் கால் வைத்ததும் கேட்டார்:

"இன்னும் இன்னா இன்னா உட்டிருக்கீங்கம்மா?"

"தெரிஞ்சா உட்டிருக்க மாட்டேன் பாய்."